தாளிக்காத வீடு

சூலூரைத் தாண்டி உள்ளே போனால் தறிச் சத்தம் ஓயாத ஒரு ஊர். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேபில் நான் ஆண்டாண்டு காலமாக உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது நித்யா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வாரம் கூப்பிட்டு, வெளிநாட்டில் இருந்து வரும் நோய்களைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்ததாகச் சொன்னாள்.

"எஸ்தர் அக்கா, ஏர்போர்ட்ல ஒரு கேமராங்க. அதுக்கு முன்னால நடந்து போனாப் போதும், காய்ச்சக்காரன் செவசெவன்னு தெரிவானாமா. இனி உங்க மூக்குக்கெல்லாம் வேலை இல்லீங்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. "அந்தக் கேமராவுக்குக் கடுகு வாசம் தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன். என் மூக்கின் பேர் மட்டும் கேள்விப்பட்டவள், அவளுக்குப் புரியவில்லை. மாவட்டத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் யாருக்கும் அந்தக் கதை தெரியாதாம். எழுதிக் கொடுங்கள், குரூப்பில் போடுகிறோம் என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட வேறு என்ன வேலை? எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காட்டில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைக் கோட்டுப் போட்டவள் நான். சித்தப்பா பார்த்துவிட்டு, "அம்மணி, சலூன்காரர் மாதிரியே இருக்கற" என்றார். அவ்வளவுதான் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்திலேயே பாதிப் பேர் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதி மாரியம்மனோடு இருந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கும் அம்மன் திருவிழாவான நோன்பியின் கறிக்கும் எல்லோரும் ஒட்டுக்காகத்தான் உட்காருவோம்.

மைக்ராஸ்கோப் மீது எனக்கு வந்தது காதல் என்றே சொல்லலாம். மலேரியா ரத்தத் தடவல் எடுப்பதை நித்யா போன்றவர்கள் இப்போது அவசர அவசரமாகச் செய்கிறார்கள். கிட் இருக்கிறது அல்லவா, சொட்டு விட்டால் கோடு தெரியும். நான் கிட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் தடவல் ஒரு அழகு. இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும் வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்தமும் சொட்டாக நிற்காமல் பரவிவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, இன்னொரு தகட்டின் முனையால் சுற்றிச் சுற்றிக் காசு அளவுக்குக் கனமாகப் பரப்ப வேண்டும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் கனம் கூடிப்போயிற்று. அதே தகட்டில் பக்கத்திலேயே ஒரு சொட்டை இழுத்து, நாக்கு வடிவத்தில் மெல்லிய பூச்சு. காய்ந்த பிறகு சாயம். அப்புறம் ஒரு துளி எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினால் தனி உலகம். கிருமி இருந்தால் ரத்த அணுவுக்குள் மோதிரம் மோதிரமாகத் தெரியும். ஆர்.எஸ்.புரம் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்குமே, ஒற்றைக்கல் மோதிரம், அதே மாதிரி. எனக்கு வாங்க வசதி இல்லாத காலத்தில் அதைத்தான் ஆசை தீரப் பார்த்தேன்.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் கனகவல்லி. பெருந்துறைப் பக்கம் தோட்டத்துக் குடும்பம். ஆள் குள்ளம், நடை வேகம். பிறந்த குழந்தையைக் கூட "அழுவாதீங்க சாமி, ஊசி போட்டாச்சுங்க" என்பார். கோபம் வந்தால் 'ங்க' இன்னும் கூடும். "ஏனுங்க எஸ்தருங்க, இந்தத் தகட்டை நீங்கதான் கழுவுனீங்களாங்க?" என்று கேட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அவர் நோயாளியிடம் முதலில் கேட்பது "என்ன பண்ணுதுங்க?" அல்ல. "எங்க தூங்குனீங்க?" என்பதுதான். அடுத்து "பக்கத்துல ஆரு தூங்குனாங்க?" அதற்கடுத்து "தண்ணி எதுல புடிச்சு வெச்சிருக்கறீங்க?" வந்த புதிதில் இந்த அம்மாவுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தறிக்குடோனில் வேலை செய்கிற ஒடிசாக்காரப் பையன் நடுங்கிக்கொண்டு வந்தான். தமிழ் தெரியாது. டாக்டர் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி காட்டி, எங்கே என்று கையை விரித்தார். பையன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நூல் மூட்டைகளின் மேல் படுக்கை. காலடியில் திறந்து கிடந்த சிமெண்ட் தொட்டி. மலேரியாக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, குடிக்கிற மாதிரி தெளிந்து கிடக்கிற தண்ணீரில்தான் பிறக்கிறது. எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளே ஒரு திருவிழா. அடுத்து எப்போது வருமோ என்று டிரம், அண்டா, தொட்டி எல்லாம் ததும்ப நிரப்பி வைப்பார்கள். கொசுவுக்கு அது பிரசவ ஆஸ்பத்திரி.

"கிருமி நடந்து வராதுங்க எஸ்தர்," என்றார் டாக்டர் திரும்பி வரும்போது. "பொழைப்புக்குப் போற மனுசனோட வருது. அவனை நல்ல எடத்துல தூங்க வெச்சுட்டா அதோட பொழப்பு போச்சுங்க."

இப்போது மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் காய்ச்சலை மறைப்பார்கள். பொய் சொல்கிற எண்ணத்தில் இல்லை. உடம்பு கொதித்தால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று பயபக்தி. வேப்பிலை செருகி, வெளியாளை விடாமல், மருந்து கொடுக்காமல், பேச்சே எடுக்காமல் இருப்பார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய்க் "காய்ச்சல் உண்டுங்களா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறோம்" என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மோர் குடித்துக் குடித்தே நான் பெருத்துப் போனேன்.

ஒருநாள் சோறாக்குகிற வேளையில் தெருவில் போய்க்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வீடு கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்கிற வாசம். டாக்டர் ஒரு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எஸ்தர், இந்த ஊட்ல அடுப்பு எரியுது, குழம்பு கொதிக்குது. ஏனுங்க தாளிக்கல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்தா வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காய்கிற சத்தமும் வாசமும் அவளுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஐதீகம். உள்ளே போனால் காய்ச்சலில் ஒரு பெண் குழந்தை. டைபாய்டு. அன்றிலிருந்து காய்ச்சல் கணக்கெடுப்பை சோறாக்குகிற வேளைக்கு மாற்றிவிட்டோம். வாய் மறைத்தாலும் தாளிக்கிற வடச்சட்டி மறைக்காது என்று நானே வசனம் பேசிக்கொண்டு மூக்கை முன்னால் விட்டு நடப்பேன். கொஞ்ச நாளில் டாக்டரை விட எனக்குத்தான் நன்றாகப் பிடிபட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கொரோனா ஓய்ந்த அடுத்த வருஷம் மாரியம்மன் நோன்பி வந்தது. விட்ட வருஷங்களுக்கும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்று ஊரே கிளம்பிவிட்டது. கோயில் முன்னால் மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை நட்டு, அதுதான் கம்பம், ஊர்ப் பெண்கள் தினமும் விடியலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊரைச் சுற்றி வழிகளில் வேப்பிலைத் தோரணம் கட்டி எல்லை போடுவார்கள். எல்லை கட்டிவிட்டால் கம்பத்தைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் கோயமுத்தூர் போகலாம், திருப்பூர் போகலாம். இருட்டுவதற்குள் தோரணத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். கம்பம் நட்டால் கறி கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் தாளிப்புக்குத் தடை இல்லை.

ஆகவே மூன்றாவது தெருவில் சரசாள் வீட்டு வாசலில் என் மூக்கு நின்றது. வாசலில் வேப்பிலை இருந்தது. நோன்பிக்கு எல்லா வீட்டிலும்தான் இருந்தது. பருப்பு வெந்துகொண்டிருந்தது. தாளிப்பு இல்லை. மறுநாளும் போனேன், இல்லை.

அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். சரசாள் புருஷனை இழந்து தறி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். மகன் சக்திவேல் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. எங்கள் பக்கம் மழை பொய்க்கப் பொய்க்க ரிக் வண்டிகள் பெருகின. இங்கே துளை போட இடம் தீர்ந்ததும் அந்த வண்டிகளே கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போயின. பின்னாலேயே எங்கள் பையன்களும் போனார்கள். சக்திவேல் கொரோனாவில் அங்கேயே மாட்டிக்கொண்டு, நோன்பிக்குத்தான் ஊர் திரும்பியிருந்தான். மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாதம்.

டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். சரசாள் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. ஆத்தா பையன் மேல வெளையாடறா. நோன்பி சமயமுங்க, ஊசி மருந்துன்னு வந்துபோடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்."

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருந்த செம்புத் தண்ணீரில் கால் கழுவினார். "நானும் ஆத்தாளைப் பாக்கத்தானுங்க வந்தேன். உள்ள உடுவீங்கல்ல?" என்றார். அதற்கு மேல் தடுக்க முடியுமா? உள்ளே போனோம்.

சக்திவேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினான். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கண் மஞ்சள் பாரித்திருந்தது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், "அங்க எங்கீங்க தூங்குனீங்க?"

"ரிக் மேலதானுங்க. கீழ ஒரே பூச்சி."

"கொசுவலை குடுக்கலீங்களா?"

"குடுத்தாங்க. நல்ல வலைங்க. பம்பு வாயில மணல் வந்து அடைச்சுது, அதுக்குக் கட்டிப்போட்டோம்."

அந்த நடுக்கத்திலும் அவனுக்கு அதில் ஒரு பெருமை. தண்ணீர் எப்படிப் பளிங்காக வந்தது என்று சொல்லத் தொடங்கினான். அங்கேயே இரண்டு தரம் காய்ச்சல் வந்ததாம். ஜுரம் விட்டதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டானாம். விமானம் ஏறும்போது காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டதால் இறங்கும்போது உடம்பு ஜில்லென்று இருந்ததாம். நித்யாவின் கேமரா முன்னால் அன்றைக்கு அவன் ஆடிக்கொண்டே போயிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

விரலை நீட்டினான். சரசாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டில் கோடு உடனே விழுந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு நான் லேபுக்கு ஓடினேன். லென்ஸை இறக்கிப் பார்த்தேன். ஒன்றுக்குள்ளேயே இரண்டு மோதிரம் இருக்கிற அணுக்கள். மூளையைத் தாக்குகிற ஜாதி மலேரியா அது. அதோடு அங்கங்கே நேந்திரம்பழம் மாதிரி வளைந்த உருவங்கள். அந்த உருவம் இருந்தால், அவனைக் கடிக்கிற கொசு அதை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். அடுத்த அறையில் படுப்பது கோகிலா. பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வீட்டு முற்றத்தில் திறந்த தொட்டி நிறையத் தண்ணீர்.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். முதல் வேளை மாத்திரையை அங்கேயே கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டான். மறுபடி கொடுத்தார். பிறகு சரசாளைப் பார்த்து, "அம்மா, இவரை ஊட்ல வெச்சுப் பாக்க முடியாதுங்க. டிரிப் போடோணும், ராத்திரி பூரா ஒரு ஆளு பக்கத்துல இருக்கோணும். ஆஸ்பத்திரிக்கு வரட்டுங்க" என்றார்.

"ராத்தங்கலா? எல்லை கட்டியாச்சுங்களே!"

எங்கள் சுகாதார நிலையம் ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம். தோரணம் கட்டியிருந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம். நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனாலும் எல்லை எல்லைதானே. கோயில் பூசாரியான பண்டாரத்தைக் கூப்பிட்டு ஆத்தாளிடம் பூ கேட்போம் என்றார் சரசாள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டிச் சன்னதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பூ கேக்கற நேரந்தானுங்க தருவேன். அதுக்குள்ள இவரு மறுபடி வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறுனாலோ, 108-ஐ வரச் சொல்லி நானே தூக்கிப் போட்டுட்டுப் போயிருவேனுங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா எம் மேல கோவிச்சுக்கட்டுமுங்க." 'ங்க' கூடிக்கொண்டே போனது. நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

நாங்கள் கோயிலுக்குப் போனோம். எங்கள் நிலையத்து நர்ஸை வரவழைத்துச் சக்திவேல் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். பண்டாரம் பொட்டலங்களை வைத்தார். நான் வாய்க்குள் இயேசுவையும் கூப்பிட்டேன், ஆத்தாளையும் விடவில்லை. குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

சிவப்பு.

சரசாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் செத்தாலும் சரி என்கிற பெண் இல்லை அவர். ஆத்தாளை மீறிக் கொண்டுபோய் அதனாலேயே அவன் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம். அவர் அழுததைப் பார்க்க எனக்கும் அழுகை வந்துவிட்டது. டாக்டர் போனை எடுத்துவிட்டார். அப்போதுதான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கோகிலா பேசினாள்.

"ஏனுங்க மாமா," என்று பண்டாரத்தைக் கேட்டாள், "ஆத்தா எல்லை தாண்டக் கூடாதுன்னுதானுங்க சொல்றா? ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னு சொல்லலியே. அந்தத் தோரணக் கயித்த அவுத்து ஆஸ்பத்திரிக்கு அக்கட்டால கட்டுனா என்னங்க?"

அவளே மேலே சொன்னாள். "எனக்கும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. ராத்திரி வலி எடுத்தா நான் எங்கீங்க போவேன்?"

பண்டாரம் பக்கத்தில் நின்ற கோயில் தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா பண்டாரத்தைப் பார்த்தார். பிறகு பண்டாரம் மெதுவாகச் சிரித்தார். "ஆத்தாளோட தோரணம் எங்க இருக்குதோ அதுதானுங்க ஊரு. புள்ள கேக்கறது நாயந்தான்."

ஆனால் தோரணத்தை யார் வேண்டுமானாலும் தொட முடியாது. எல்லை கட்டுகிற உரிமை எங்கள் சித்தப்பா மாரிமுத்து வீட்டுக்கு. எத்தனையோ தலைமுறையாக அவர்களிடம் "கட்டு" என்று சொல்லியனுப்பியே ஊருக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தர்மகர்த்தா, எங்கள் தெருவுக்கு நடந்து வந்து, சித்தப்பா வாசலில் நின்று கேட்டார்.

"ஏனுங்க மாரிமுத்து, எல்லையக் கொஞ்சம் நகத்திக் கட்டித் தரோணுமுங்க."

சித்தப்பா குறும்புக்காரர். நாற்காலியை எடுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மேலே கூரையைப் பார்த்து யோசிக்கிற மாதிரி பாவனை செய்தார். அவசரம் தெரிந்தவர்தான், அவர் மகன் ஏற்கனவே பின்பக்கம் வேப்பங்கொத்து வெட்டிக்கொண்டிருந்தான். "கட்டலாமுங்க," என்றார் கடைசியில். "ஆனா கயிறு பத்தாதுங்களே." தர்மகர்த்தாவுக்குச் சொந்தத் தறி உண்டு. "நூலுக்கா நம்மூர்ல பஞ்சம்?" என்று சிரித்துவிட்டார். தறியில் இருந்து கோன் கோனாக நூல் வந்தது. ஒடிசாப் பையன்கள் திரித்துக் கொடுத்தார்கள். வேப்பிலை செருகிய நூல் கயிறு பாலத்தைத் தாண்டி, சுகாதார நிலையத்தின் கேட்டைத் தாண்டி, ஆம்புலன்ஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் போனது. பம்பைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். அந்த ஊர்வலத்தின் நடுவில் சக்திவேலைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தோம். எந்த மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு அழைப்பு நடந்திருக்காது.

எங்கள் வார்டில் வலைக்குள் அவனைப் போட்டார் டாக்டர். டிரிப் ஏறியது. மாத்திரை வயிற்றில் தங்கியது. ராத்திரியெல்லாம் நர்ஸ் அவனிடம் பேர் கேட்டுக்கொண்டே இருந்தார், பேச்சுக் குழறுகிறதா என்று பார்க்க. கடைசியில் அவனே, "சக்திவேலுங்க, சக்திவேலுங்க, எத்தனை தரம் கேப்பீங்க?" என்று சலித்துக்கொண்டதும் டாக்டர் அடுத்த அறையில் நிம்மதியாகக் காலை நீட்டினார்.

எனக்கு வேலை அதற்குப் பிறகுதான். கொசு யாரையெல்லாம் கடித்ததோ யாருக்குத் தெரியும்? ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவது கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றத்தான். டாக்டர் அங்கேயே ஒரு மேஜையைப் போடச் சொன்னார். "தண்ணி ஊத்திப்போட்டு அப்படியே வெரலை நீட்டிப்போட்டுப் போங்க கண்ணு!" என்று நான் மைக்கில் கூப்பிட்டேன். ஆத்தா பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மஞ்சள் ஈரத்தோடு நீட்டின விரல்களைத் துடைத்துக் காய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குத்து வாங்கிய பெண்கள் வீட்டுக்குப் போய் ஆண்களை அனுப்பினார்கள். ஆண்கள்தான் கத்தினார்கள். தறிக்குடோன் பையன்கள் வரிசையில் வந்து நின்றார்கள். தொட்டிகளுக்கு மூடி போட்டோம். மூடி இல்லாத தொட்டிகளில் கொசுப்புழு தின்கிற குட்டி மீன்களைக் கொண்டுவந்து விட்டோம். பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்து வளர்த்தார்கள். தகடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணை மூடினாலும் மோதிரம் தெரிந்தது. ஆனால் சக்திவேலுடையதைத் தவிர வேறு எந்தத் தகட்டிலும் ஒன்றும் இல்லை.

ஆனால் இன்றைக்கு இல்லை என்றால் இல்லை என்று அர்த்தம் ஆகாது. கடித்த கொசுவுக்குள்ளும் கடிபட்ட உடம்புக்குள்ளும் கிருமி வளர நாள் பிடிக்கும். சக்திவேல் தேறி எழுந்து சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் சரசாள் தாளிக்கவில்லை. "கோகிலா ரத்தம் சுத்தம்னு எஸ்தர் சொல்லட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கம்பம் பிடுங்கி மஞ்சள் நீர் விளையாடினார்கள். மறுநாளே கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோரணம் அவிழ்க்காத எங்கள் வார்டில்தான். சித்தப்பா அதை அவிழ்க்க மறந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாராவாரம் கோகிலா விரலை நீட்டுவாள். நான் தகட்டைப் பார்ப்பேன். இல்லை. அடுத்த வாரமும் இல்லை. பயம் போக வேண்டிய காலம் முழுதும் போனதும் டாக்டர் தலையசைத்தார். நான் அந்தச் செய்தியைச் சொல்ல மூன்றாவது தெருவுக்கு நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். வாசலில் நின்று, "இல்லைங்க, சுத்தமா இல்லைங்க!" என்று கத்தினேன். சரசாள் நேராக அடுப்படிக்குப் போனார். எண்ணெய் காயும் வரை நானும் கோகிலாவும் சக்திவேலும் முற்றத்திலேயே நின்றோம். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை சடசடத்தது. அந்த வாசத்தில் சக்திவேலுக்குத் தும்மல் வந்தது, எனக்குக் கண்ணீர் வந்தது. மிளகாய் நெடிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

சக்திவேல் மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டான். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. போகும்போது டாக்டர் ஒரு கட்டு வலையும் ரத்தம் பார்க்கிற கிட்டும் வாங்க வைத்து, "பம்புக்குக் கட்டுனீங்கன்னா நானே பிளேன் ஏறி வந்துருவேனுங்க" என்று மிரட்டித்தான் அனுப்பினார்.

இதை எழுதத் தொடங்கியதை அவனிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவன் குரலில் ஒரு செய்தி வந்தது. "எஸ்தர் அக்கா, கேளுங்க. இன்னைக்கு மத்தியானம் கேம்புல சோறு திங்க உக்காந்தனுங்க. குழம்புல தாளிப்பே இல்லை. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. சமையக்கார அண்ணன் இந்த ஊர்க்காரருங்க, நான்தான் தாளிக்கக் கத்துக் குடுத்தேன். ஓடிப் போய்ப் பாத்தா, குழம்பப் பாதியில எறக்கி வெச்சுட்டு மனுசன் படுத்துக் கெடக்கறாரு, உடம்பு கொதிக்குது. வெரல்ல குத்துனேன், கோடு உழுந்துருச்சுங்க. வண்டி போட்டு ஆஸ்பத்திரியில சேத்திட்டேன். மாத்திரை வயித்துல நிக்குதுங்க. நல்லா இருக்கறாருங்க்கா."

நான் அதை நாலு தரம் போட்டுக் கேட்டுவிட்டு, பெருந்துறையில் ஓய்வில் இருக்கிற டாக்டருக்கு அனுப்பினேன். பாராட்டுவார் என்று பார்த்தேன். உடனே பதில் வந்தது.

"அவரு எங்க தூங்குறாருன்னு கேளுங்க."

கேட்டேன். சக்திவேல் ஒரு படம் அனுப்பினான். தகரக் கொட்டகையில் வரிசையாகக் கட்டில்கள், எல்லாக் கட்டிலுக்கும் மேலே வலை. சமையல்காரருடையது என்று அவன் வட்டம் போட்டிருந்த கட்டிலின் தலைமாட்டில் மட்டும் ஒரு பச்சைக் கொத்து தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தேன். வேப்பிலை. அங்கேயும் வேப்பமரம் இருக்கிறதாம்.